நகர்ந்து பார்க்கும் அக்கா

அக்கா எதையும் ஒரே இடத்தில் நின்று பார்த்து நம்பியதில்லை. முதலில் நேராக ஒரு பார்வை. பிறகு தலை மட்டும் பக்கவாட்டில் நாலு விரல் நகரும். அங்கிருந்து இன்னொரு பார்வை. அதன் பிறகுதான் கை நீளும்.

டீ கிளாஸ், கதவுத் தாழ்ப்பாள், மினி பஸ்ஸின் படி, ஊசியின் காது, அச்சிலிருந்து ஈரத்தோடு வந்த தாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் என்று எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். நான் அந்தக் கடைசி வகையில் வந்தவள். திருத்தங்கல்லில் ஓர் அச்சகம். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிளும், அட்டைப் பெட்டிகளும், வருடக் கடைசியில் காலண்டர்களும் அங்கே அடித்தார்கள். பொறியியல் படிப்பை முடித்த கையோடு, அவர்களுடைய ஆர்டர்களைக் கணினியில் ஏற்றும் மென்பொருளை எழுத வந்திருந்தேன். அக்கா டிசைன் ரூமின் பொறுப்பாளர். வாசலில் தயங்கி நின்ற என்னை நேராகப் பார்த்தார், சற்றே சாய்ந்து பார்த்தார், "உள்ள வா பிள்ள. பின்னால ஒண்ணும் ஒளிச்சு வைக்கல நீ" என்றார்.

அக்காவின் ஆட்டத்தை மெஷின்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"ஏலே, அக்காவுக்கு அருள் வந்திருச்சு. வேப்பிலை கொண்டா."

"அருள் வந்தா மொதல்ல உன் மஞ்சக் கலரத்தான்லே கேக்கும். எங்கன வந்து உக்காந்திருக்குன்னு பாரு. பிள்ள மூஞ்சி ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்."

பார்த்தால் லேபிளில் மத்தாப்புப் பிடித்திருக்கும் குழந்தையின் மேல் மஞ்சள் நிறம் ஒரு மயிரிழை விலகித்தான் இருக்கும். மெஷினை நிறுத்துவார்கள். அக்கா கையெழுத்துப் போடாமல் அந்த அச்சகத்தில் எதுவும் ஓடாது. தாளின் ஓரத்தில் "ஓகே" என்று எழுதி, கீழே ஒரு சுழி. அந்தச் சுழியை எட்டு வருடமாக வேறு யாரும் போட்டதில்லை. தான் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பதும் அக்காவுக்குப் பிடிக்காது.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லோருக்கும் தெரிந்துபோன விஷயம்தான். அக்காவுக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது வந்த தீபாவளியில் ஒரு புஸ்வாணம் பற்றாமல் கிடந்திருக்கிறது. குனிந்து பார்த்திருக்கிறார். பார்ப்பதற்கு அந்தக் கண்ணும் மற்றதைப் போலவேதான் இருக்கும், அசையும், சிமிட்டும். ஒரே கண்ணால் பார்க்கிறவருக்கு எது கிட்டே, எது தள்ளி என்பது சட்டென்று பிடிபடாது. கொஞ்சம் நகர்ந்தால் கிட்டே இருப்பது அதிகமாக விலகும், தள்ளி இருப்பது அப்படியே நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அக்கா டீ கிளாஸைப் பிடித்தார்.

அச்சகத்தில் யாரிடமும் இதை அவர் சொன்னதில்லை. முதலாளியிடம் சொல்லவே இல்லை. முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் பயத்துக்கு ஓர் உருவம் இருந்தது. அது தினமும் எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது. கட்டிங் மெஷினில் நெடுநாள் வேலை பார்த்த பெரியவர் அவர். கண் மங்கியது தெரிந்ததும், "பாவம், இனிமே அவரக் கஷ்டப்படுத்தக் கூடாது" என்று அண்ணாச்சி அவரைக் கேட்டில் உட்கார வைத்துவிட்டார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் உள்ளே வந்து மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போவார்.

"எனக்கும் அதேதான் பிள்ள. தெரிஞ்சா பாவம்னு சொல்லி பேக்கிங்ல உக்கார வச்சிருவாக. நல்ல மனுசருதான். அதுதான் பயமா இருக்கு" என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஒரு எடத்துல நின்னு பாத்தது பாத்ததே இல்ல" என்பது அக்காவின் வசனம். இதை லேபிளுக்கு மட்டுமல்ல, வாழ்க்கையில் வருகிற எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயம். அம்மா அனுப்பிய போட்டோவைக் கைபேசியில் காட்டினேன். அக்கா கைபேசியை நேராக வைத்துப் பார்த்தார். வலது பக்கம் சாய்த்தார். இடது பக்கம் சாய்த்தார்.

"என்னக்கா தெரியுது?"

"எப்படிச் சாச்சாலும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்கான். ஒண்ணும் வெளங்கல. நேர்ல வந்து நாலு எட்டு நடக்கச் சொல்லு, பாப்போம்."

அந்த வரன் அமையவில்லை. அதற்கு அக்கா காரணமில்லை என்றாலும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வாரம் திரிந்தார்.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. அச்சங்குளத்திலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் லேபிள் மாற்ற வந்திருந்தார். புஸ்வாணப் பெட்டி. பூவைப் பெரிதாக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும், கீழே உள்ள "எட்டி நின்று கொளுத்தவும்" என்ற வரியைச் சுருக்கிவிடலாம் என்றார்.

"அது சுருங்காதுங்க."

"ஏம்மா, அத யாரு படிக்கப் போறா? பூவத்தான் பாப்பாக."

"படிக்காதவ ஒருத்தி இருப்பா. அவ கண்ணுல படுற அளவுக்கு இருக்கட்டும். பூவ வேணா நான் ரெண்டு எதழ் கொறைக்கேன்."

அவர் அண்ணாச்சி வரைக்கும் போய்ப் பார்த்தார். எழுத்து சுருங்கவில்லை. அக்கா ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

புரிந்தது நட்சத்திரங்களால்.

அது என் பொழுதுபோக்கு. நட்சத்திரங்களின் இருப்பிடத்தையும் தூரத்தையும் அளப்பதற்கென்றே ஒரு விண்கலத்தை அனுப்பியிருந்தார்கள். அது அளந்த பட்டியல் முழுவதும் பொதுச்சொத்து; யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதன் கண் கூசுகிற அளவுக்குப் பிரகாசமான சில நட்சத்திரங்களுக்கு மட்டும் முந்தைய விண்கலத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்களை வாங்கி, கணினித் திரையில் நட்சத்திரங்களை அதனதன் தூரத்தில் தொங்கவிட்டுக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றும் இருந்தது. அதன் நிரல் திறந்தே கிடக்கும். பிடிக்காததை மாற்றலாம், இல்லாததைச் சேர்க்கலாம், சேர்த்ததை எல்லோருக்கும் கொடுக்கலாம். மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு நான் பூமியிலிருந்து கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் அக்கா பின்னால் வந்து நின்றார். மார்கழி மாதத்தில் கிழக்கே திருவாதிரையோடு சேர்ந்து எழும்பும் கூட்டம் திரையில் இருந்தது. நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை அவருக்கும் தெரியும். நான் கணினியின் எலியைப் பிடித்துப் பார்வையைச் சுற்றினேன். மூன்றும் பிரிந்தன. நடுவில் இருந்தது வெகுதூரம் பின்னால் போய்விட்டது.

அக்காவின் கையில் சோற்றுக் கவளம் அப்படியே நின்றது.

"ஏ பிள்ள, இவுக மூணு பேரும் ஒண்ணா இல்லையா?"

"இல்லக்கா. நடுவுல உள்ளது ரொம்ப ரொம்பத் தள்ளி. இங்கருந்து பாக்கும்போது ஒரே வரிசையில தெரியுது."

"அப்ப பஸ் ஸ்டாப்புல நிக்கிறவுக மாதிரி. பக்கத்துல பக்கத்துல நின்னாலும் ஆளுக்கொரு ஊரு." கவளம் வாய்க்குள் போனது. "வேற காட்டு."

கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினேன். எந்தப் பக்கம் சுற்றினாலும் அது கலையவில்லை. மேலிருந்தும் கொத்து, பக்கத்திலிருந்தும் கொத்து.

"இதுகதான் சொந்தக்காரக" என்றார் அக்கா. "எங்கன போயி நின்னு பாத்தாலும் கூடியே நிக்குதுக பாரு."

அதன் பிறகு தினமும் மதியம் அக்காவுக்கு ஒரு சுற்று. எலியைத் தன் கையில் வாங்கிக்கொள்வார். அடையாளம் தெரிந்த கூட்டத்தையெல்லாம் சுற்றிப் பார்த்து, இது சொந்தம், இது பஸ் ஸ்டாப் என்று பிரிப்பார். சப்தரிஷி மண்டலத்தில் நடுவிலுள்ள ஐந்து சொந்தம், இரண்டு முனையிலும் இருப்பவை வேறு ஆட்கள் என்று அவர் கண்டுபிடித்த அன்று டிசைன் ரூமுக்கே வடை வாங்கிக் கொடுத்தார்.

உற்சாகத்தில் நான் ஒரு படி மேலே போனேன். கழிவு அட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி வெட்டி, இடது கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாளும் வலது கண்ணுக்கு நீலமும் ஒட்டினேன். மென்பொருளில் அதற்கென்று ஒரு காட்சி உண்டு. ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறான படம் போகும், நட்சத்திரங்கள் திரையை விட்டு வெளியே வந்து தொங்கும். பைண்டிங்கில் வேலை பார்க்கும் பெண்கள் ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்து அலறினார்கள். ஒருத்தி கார்த்திகையைப் பறிக்கக் கையை நீட்டினாள். "ஏட்டி, மூக்குத்திக்கு ஆகும், எனக்கொண்ணு பறி" என்றாள் இன்னொருத்தி.

அக்கா மாட்டினார். "நல்லாருக்கு" என்றார். கழற்றினார். அவர் தலை நகரவே இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

சாயங்காலம் கை கழுவும் குழாயடிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"ஒனக்கு மட்டும் சொல்றேன். அந்தக் கண்ணாடி எனக்கு வேலைக்காகாது. ஒரு கண்ணுல லைட்டு கெடையாது."

"வலிச்சுதாக்கா?" என்று கேட்டேன்.

"புஸ்வாணம் பூத்தா வலிக்காதா? கேள்வியப் பாரு. நம்மூர்ல இது ஒரு விசேசமா பிள்ள? வீதிக்கு ஒரு ஆள் இருக்கும். வெளிய சொன்ன, வாயத் தச்சுப்புடுவேன்." முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, குரல் மாறிக் கேட்டார், "அது சரி, அம்புட்டு தூரத்த எப்படி அளந்தாக? டேப்பா பிடிக்க முடியும்?"

சொன்னேன். விண்கலம் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கும். ஆறு மாதத்தில் பூமியோடு சேர்ந்து சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அங்கிருந்து மறுபடி பார்க்கும். கிட்டே இருக்கும் நட்சத்திரம் கூடுதலாக நகர்ந்திருக்கும், தள்ளி இருப்பது அப்படியே நிற்கும். அந்த நகர்வுதான் கணக்கு.

அக்கா முகத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்ப அதுக்கும் ஒத்தக் கண்ணுதானா?"

சிரித்தார். குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.

அந்த வாரமே மென்பொருளில் ஒரு பொத்தான் சேர்த்தேன். அமுக்கினால் காட்சி பக்கவாட்டில் மெதுவாக ஊஞ்சல் போல ஆடும். ஆடும்போது கிட்டே உள்ளவை அதிகமாகவும் தள்ளி உள்ளவை குறைவாகவும் அசையும். கண்ணாடி தேவையில்லை, இரண்டு கண்ணும் தேவையில்லை. 'ஆட்டு' என்று பெயர் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தவாறு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். திரை ஆடியது, அவர் ஆடவில்லை.

அந்த மாற்றத்தைப் பொது நிரலில் சேர்க்க அனுப்பினேன். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர், 'எலியால் சுற்றலாமே, இது எதற்கு?' என்று கேட்டு எழுதினார். எல்லோரும் படிக்கிற இடம் அது. 'சிலருக்குத் தேவைப்படும்' என்று மட்டும் பதில் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.

நட்சத்திர விஷயம் பைண்டிங் பெண்கள் வழியாக அண்ணாச்சி காதுக்குப் போனது. மல்லாங்கிணற்றில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"இந்த நட்சத்திரத்த அங்க கொண்டு போயிக் காட்டுவோம். பிள்ளைக எல்லாருக்கும் அட்டைக் கண்ணாடி நம்மளே அடிச்சுருவோம். காதுப் பக்கம் கம்பெனி பேரப் பெருசாப் போட்டுரு தாயி."

அக்கா மறுக்க வழியில்லை. கண்ணாடியின் வடிவத்தை வரைந்தார், மடிப்பு வைத்தார், தாளில் அடுக்கினார். வெட்டி வந்ததில் ஒன்றை எடுத்து நேராகப் பார்த்தார், நகர்ந்து பார்த்தார். மடிப்பு சரி, ஒட்டு சரி, எழுத்து சரி. என்னிடம் ஒன்றைத் தூக்கிப் போட்டு, "மாட்டிப் பாரு" என்றார். மாட்டிப் பார்த்தேன். கார்த்திகை முன்னால் வந்து தொங்கியது. "அருமையா இருக்குக்கா" என்றேன். அக்கா ஓகே எழுதிச் சுழி போட்டார்.

பள்ளிக்கூடத்து ஹாலின் ஜன்னல்களைப் பழைய பேனர் துணிகளால் அடைத்து இருட்டாக்கினோம். முன்வரிசையில் அண்ணாச்சியும் தலைமையாசிரியையும் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஹால் கொள்ளாத பிள்ளைகள். அக்கா சுவரோரம் நின்றார். கார்த்திகையைத் திரையில் கொண்டுவந்து, "இந்தக் கொத்து எங்கே இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன்.

"முன்னால!" என்று கத்தினார்கள் பாதிப் பேர்.

"உள்ள!" என்று கத்தினார்கள் மீதிப் பேர்.

"ஏட்டி, மூக்குக்கு முன்னால தொங்குது பாரு."

"பள்ளத்துக்குள்ள கெடக்குது. நீ எங்க பாக்க?"

"ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

அக்கா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

முன்வரிசையிலும் அதே தகராறு, மரியாதையோடு. "டீச்சர், அது பின்னாலதான இருக்கு?" என்றார் அண்ணாச்சி. "இல்லைங்க, நல்லா முன்னால நிக்குதே" என்றார் தலைமையாசிரியை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ள, புரோகிராம்ல ஏதும் கோளாறா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அப்படியே முடிந்துபோகும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா இரண்டு பிள்ளைகளிடமிருந்து கண்ணாடிகளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தலை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. நின்றது.

"தலையும் காலுமா வச்சுட்டேன்" என்றார்.

எங்கள் பக்கத்து அச்சகங்களில் எந்த வடிவத்தையும் தாளில் ஒரே திசையில் அடுக்கமாட்டார்கள். ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாக, வளைவுக்குள் வளைவு பொருந்தும்படி வைப்பார்கள். அட்டை மிச்சமாகும். பெட்டிக்கு எது மேல், எது கீழ் என்பது மடித்த பிறகுதான். அக்காவின் கை பழக்கத்தில் மூக்குக்கண்ணாடியையும் அப்படியே அடுக்கிவிட்டது. அதன் மேல் சிவப்புத் தாள் ஒரு நீள வரிசையாகவும் நீலத் தாள் ஒரு நீள வரிசையாகவும் ஒட்டப்பட்டது. நேராக நின்றவற்றுக்கு இடது கண்ணில் சிவப்பு. தலைகீழாக நின்றவற்றுக்கு இடது கண்ணில் நீலம். பாதிக் கண்ணாடிகளில் கண் மாறியதால் கிட்டே இருப்பது தள்ளியும், தள்ளி இருப்பது கிட்டேயும் தெரிந்தது. என் கைக்கு வந்தது நேராக நின்றவற்றில் ஒன்று.

அக்கா முன்வரிசைக்கு வந்தார்.

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. கண்ணாடிதான் பாதி தப்பு. லே அவுட் நான் போட்டது."

"நீ போட்டதா? மாட்டிப் பாத்துத்தான ஓகே பண்ணுன?"

"மாட்டினாலும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி." கையிலிருந்த கண்ணாடிகளை அவர் முன்னால் வைத்தார். "எனக்கு ஒரு கண்ணுதான் தெரியும். வேலைக்கு வர்றதுக்கு முன்னாலருந்தே."

அண்ணாச்சி கண்ணாடியோடு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கண் சிவப்பு, ஒரு கண் நீலம்.

அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். "ஏ பிள்ளைகளா, யாருக்குப் பள்ளமாத் தெரியுதோ அவுக கண்ணாடிய முன்பின்னாத் திருப்பி மாட்டுங்க. காது அட்டைய அந்தப் பக்கம் மடிங்க."

ஹால் முழுக்க அட்டை மடியும் சத்தம். பிறகு ஒரே குரலில் ஒரு ஓ. தலைமையாசிரியை உதவி செய்ய, அண்ணாச்சியும் திருப்பி மாட்டினார். கம்பெனி பெயர் கன்னத்துக்கு உள்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

கடைசியாக 'ஆட்டு' பொத்தானையும் அமுக்கினேன். எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்.

வேனில் திரும்பும்போதுதான் பயம் வந்தது. "முன்னால உக்காரு தாயி, வெயில் படாது" என்றார் அண்ணாச்சி. வழியில் வண்டியை நிறுத்தி அக்காவுக்கு எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். குரல் வெல்லமாக இருந்தது. வேனை விட்டு இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"முடிஞ்சுது பிள்ள. சோடா வாங்கிக் குடுத்துட்டாக. கேட்டுல இருக்குற பெரியவருக்கும் இப்படித்தான். ஒரு வாரம் அன்பாப் பேசுனாக, அப்புறம் அங்கன கொண்டு போயி உக்கார வச்சாக."

மறுநாள் காலையில் வரும்போதே அக்கா ஒரு வயர் கூடை கொண்டு வந்திருந்தார். கத்தரி, ஸ்கேல், லென்ஸ் எல்லாவற்றையும் அதில் எடுத்து வைத்தார். அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். கதவு மூடியது. நான் கதவருகில் போய் நின்றேன். முதலில் அக்கா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தது சரியாகக் கேட்கவில்லை. பிறகு அண்ணாச்சியின் குரல் கேட்டது. மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஒரு கண்ணோ ரெண்டு கண்ணோ, அது உன் சொந்த விசயம், அத நான் கேக்கல! மாட்டிப் பாக்க வேண்டிய சாமான், உன்னால முடியாதுன்னு தெரியுதுல்ல? ரெண்டு வரிசையிலயும் ஒண்ணொண்ணு எடுத்து அடுத்த ஆளுகிட்ட குடுக்க வேண்டியதுதான? வாயில்லையா ஒனக்கு? அம்புட்டு அட்டையும் தண்டம்! டீச்சரம்மா முன்னால கம்பெனி பேரு என் கன்னத்துக்குள்ள போயிருச்சு!"

"சொன்னா பாவம்னு பேக்கிங்ல உக்கார வச்சிருவீகன்னு..."

"பேக்கிங்ல எதுக்கு? சீசன் வந்து நிக்குது, லேபிள் பூராம் கெடக்குது. ஒன்னயத் தூக்கிட்டு யார வச்சு ஓகே போட? அந்த இன்ஜினியர் பிள்ளையவா? ரெண்டு கண்ணையும் முளிச்சுப் பாத்துட்டு அருமையா இருக்குன்னு சொன்னவதான அவ?"

நான் கதவருகிலிருந்து ஓர் அடி பின்வாங்கினேன்.

"அப்ப, கேட்டுல இருக்குற பெரியவரு?" என்று அக்கா கேட்டது மெதுவாகத்தான் வந்தது.

அண்ணாச்சியின் குரல் இறங்கியது.

"அவரு விரலு கத்திக்குக் கிட்டப் போனத என் கண்ணால பாத்தேன் தாயி. அது வேற." உடனே குரல் மறுபடியும் ஏறியது. "அதுக்காக நீ தப்பிச்சன்னு நெனைக்காத! இனிமே தெரியாததத் தெரியலன்னு சொல்லு. போ, போயி வேலையப் பாரு!"

அக்கா வெளியே வந்தார். கண் சிவந்து, மூக்கு சிவந்து, பரிசு வாங்கிய பிள்ளை போல முகம் இருந்தது.

"திட்டிட்டாக" என்றார், யாரிடம் என்றில்லாமல். "நல்லாத் திட்டிட்டாக."

கூடையிலிருந்து கத்தரியை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்கேலை வைத்தார். லென்ஸை வைத்தார். காத்துக்கொண்டிருந்த தாளை இழுத்தார். அடுத்த வருடக் காலண்டரின் மேலட்டை. கடையின் பெயரை எம்போஸ் செய்திருந்தார்கள், அச்சில்லாமல் வெறும் அட்டையிலேயே எழுத்து புடைத்து நிற்கும். இந்த வகைத் தாள் வந்தால் அக்கா அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போவதுண்டு. யாரும் பார்க்காதபோது விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து சுழி போடுவார். அன்று எழுந்திருக்கவில்லை.

"ஏ பிள்ள, இங்கன வா" என்று சத்தமாகக் கூப்பிட்டார். மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த எழுத்து மேல நிக்குதா, உள்ள போயிருக்கா? எனக்குத் தெரியல."

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"மேல நிக்குதுக்கா."

அக்கா தாளைத் தொடவில்லை. ஓகே என்று எழுதிச் சுழித்துவிட்டு, அடுத்ததைக் கொண்டுவரச் சொன்னார்.